கார்க் கதவின் உட்பலகை: கழற்றலும் பொருத்தலும்

2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பெய்த பெருமழையை அங்குள்ளோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 18-ஆம் நாளும் அதற்கு மறுநாளும் திருப்பதி நகரத்தின் தெருக்கள் ஆறுகளாயின. சுவர்ணமுகியில் வெள்ளம் பெருகிற்று. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையும் மூடப்பட்டது. சில நாட்களில், திருப்பதிக்கு அருகிலுள்ள இராயல செருவு என்னும் பெரிய ஏரியின் கரையில் கசிவு கண்டு, அதன் கீழுள்ள சிற்றூர்களின் மக்களை வேறிடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது.

அந்த மழை சற்றே ஓய்ந்த நாளொன்றில், சித்தூரில் எங்கள் வீட்டு வாயிலில் நின்றிருந்த காரின் கதவைத் திறந்தேன். குப்பென்று ஒரு முடைநாற்றம் எழுந்தது. கார் வெள்ளத்தில் நிற்கவில்லை. எங்கள் தெரு மேட்டுத் தெரு. கண்ணாடிகளும் முழுமையாக ஏற்றப்பட்டே இருந்தன. ஆயினும் முன்னிருக்கையின் கீழ் விரித்திருந்த கம்பளம், பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. கூரையில் துளை உண்டோ என்று தேடினேன். முன்கண்ணாடியின் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கடைசியாகக் கதவின் உட்பலகையைக் கழற்றிய பிறகே குற்றவாளி யார் என்பது தெரிய வந்தது. குற்றவாளி வேறு யாருமல்லர், நானேதான்.

சில மாதங்களுக்கு முன்னர் அந்தக் கதவிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. பணிமனைக்குச் செல்வானேன் என்று எண்ணி, பலகையை நானே கழற்றி, ஸ்பீக்கரை மாற்றி, பலகையை மீண்டும் மாட்டிவிட்டேன். அப்பொழுது கதவின் உட்புற இரும்பின் மேல் ஒரு பாலிதீன் தாள் ஒட்டப்பட்டிருந்தது. புதிய பொருளின் மேல் சுற்றி வரும் உறையைப் போன்றது அது. தொழிற்சாலையில் எடுக்க மறந்துவிட்டார்கள் போலும் என்று முடிவு கட்டி, அதைக் கிழித்து எறிந்துவிட்டேன். கோடை முழுவதும் அதனால் ஒரு குறையும் தோன்றவில்லை. கார்த்திகை மழை வந்தபோதுதான் அந்தத் தாளின் அருமை விளங்கிற்று.

காரின் கதவுப் பலகையை வீட்டிலேயே கழற்றலாமா என்று கேட்டால், தாராளமாகக் கழற்றலாம் என்பதே என் விடை. அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் கழற்றுவது பாதி வேலை. அதுவும் எளிய பாதி. உள்ளே இருந்தவற்றையெல்லாம் இருந்தபடியே திரும்ப வைப்பதுதான் மறுபாதி. அந்த மறுபாதியை விட்டுவிட்டு நான் பட்ட அல்லல் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் கதவின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். காரின் கதவு ஒற்றைத் தகடு அன்று. அது ஒரு மெல்லிய பெட்டி. வெளிப்புறம், வண்ணம் பூசிய தகடு. உட்புறம், பெரிதும் சிறிதுமாகத் துளைகள் பல உள்ள மற்றொரு தகடு. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில்தான் கண்ணாடி இறங்குகின்றது. அதனை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் என்னும் பொறியும், பூட்டும், மின்கம்பிகளும் அங்கேயே இருக்கின்றன. உட்தகட்டின் மேல் நான் சொன்ன அந்தத் தாள். அதற்கும் மேலாக, நம் கண்ணுக்குத் தெரியும் பலகை. தொழிலாளர்கள் இதனை ‘டோர் பேட்’ என்று வழங்குகின்றனர். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் சித்தூர்ப் பணிமனைகளில் இரு மொழியினருக்கும் இது ஒன்றே பெயர்.

இனி, பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. மழைநீர் கதவின் உள்ளே புகாமல் தடுக்கப்பட்டிருக்கின்றது என்று நாம் நினைக்கின்றோம். உண்மை அதுவன்று. கண்ணாடியின் வெளிப்புறத்தை ஒட்டியிருக்கும் ரப்பர் பீடிங், நீரில் ஒரு பகுதியைத்தான் துடைத்து வெளியே தள்ளும். எஞ்சிய நீர் கண்ணாடியோடு வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கியே தீரும். காரை அமைத்தவர்கள் இதனை அறிந்தே அமைத்திருக்கின்றார்கள். அவ்வாறு இறங்கும் நீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை வைத்திருக்கின்றார்கள். எனவே காரின் கதவை ஒரு சிற்றேரி என்றே சொல்லலாம். நீர் வரத்து உண்டு. அடித்துளைகளே அதன் கலிங்கல். பாலிதீன் தாளே அதன் கரை. கலிங்கல் அடைபட்டாலும் கேடு. கரை உடைந்தாலும் கேடு. கரை உடைந்த ஏரியின் நீர் ஊருக்குள் புகுவது போல, தாள் கிழிந்த கதவின் நீர் உட்தகட்டின் துளைகள் வழியே பலகையின் பின்புறத்தை நனைத்து, வாயிற்படியின் உட்பக்கமாக வழிந்து கம்பளத்தை அடைகின்றது.

கம்பளம் நனைந்தால் என்ன, வெயிலில் காய வைத்தால் போகிறது என்று சிலர் கருதலாம். கம்பளத்தின் அடியில் தடித்த பஞ்சுப் படுகை ஒன்று இருக்கின்றது. மேலே காய்ந்த பின்னரும் அது பல வாரங்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனடியில் தரைத் தகடு துருப்பிடிக்கும். இன்றைய கார்களில் இருக்கையின் கீழே மின்கம்பிகளின் இணைப்புகள் பல உள்ளன. இருக்கைப் பட்டையையும் காற்றுப்பையையும் சார்ந்த இணைப்புகளும் அவற்றில் அடங்கும். அவை பச்சைக் களிம்பேறினால் அந்தப் பாதுகாப்புக் கருவிகளும் பழுதாகும். ஆகவே ஒரு தாளைக் கிழித்ததன் விளைவு ஒரு தாளோடு நிற்பதில்லை.

பழைய கார்களிலும் இதே தத்துவந்தான். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை நம் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்த அம்பாசடர் காரின் கதவுப் பலகை, ரெக்ஸின் போர்த்திய அட்டைப் பலகையே. பழைய அம்பாசடர்களில் அந்தப் பலகை அடிப்பகுதியில் ஊறி, உப்பி, வளைந்து கிடப்பதைக் கண்டோர் பலர். வயதின் கோளாறு என்று அதைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது வயதின் கோளாறு அன்று. பின்னாலிருந்த காப்பு போய்விட்டதன் அடையாளம். இன்று பலகை வார்ப்புப் பிளாஸ்டிக்கால் ஆனது. அது ஊறாது, ஆதலால் நீர் கசிவதும் விரைவில் நமக்குத் தெரிவதில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

கார் இன்னும் உத்தரவாதக் காலத்திற்குள் இருக்குமாயின், இவ்வேலையை விற்பனை நிலையத்தாரிடமே விட்டுவிடுவது நலம். காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தாலும் நாம் கைவைக்கலாகாது. இவ்விரண்டும் இல்லையெனில், நிழலான ஓரிடத்தில் காரை நிறுத்துங்கள். சித்தூர் மாவட்டத்துக் கோடையில் வெயிலில் நின்ற காரின் தகடு கையைச் சுடும். அன்றியும், ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும். முதன்முறை செய்பவர் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மழை மேகம் திரண்டிருக்கும் மாலையில் தொடங்க வேண்டாம்.

வேண்டிய கருவிகள் சிலவே. நட்சத்திர முனையுள்ள திருப்புளி ஒன்று; தட்டை முனைத் திருப்புளி ஒன்று; பேட்டரியின் முனையைத் தளர்த்த ஒரு ஸ்பானர்; பலகையை நெம்புவதற்குப் பிளாஸ்டிக்கால் ஆன நெம்புகோல். இது கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிடில், துணி சுற்றிய தோசைத் திருப்பியும் மூங்கில் பட்டையும் அந்த வேலையைச் செய்யும். வெறும் இரும்புத் திருப்புளியால் நெம்பினால் வண்ணத்தில் கீறல் விழும். கீறலில் துரு வரும். கைகளுக்குத் தடித்த உறை இன்றியமையாதது. உட்தகட்டுத் துளைகளின் விளிம்புகள் கத்தி போன்றவை.

இன்னொன்றும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பலகையைக் கதவோடு பிணைப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். பழைய காரில் இவற்றுள் இரண்டோ மூன்றோ உடையாமல் இரா. உங்கள் காரின் வகையைச் சொல்லி ஓர் அரை டஜன் வாங்கி வைத்தால், வேலை நடுவில் நிற்காது. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள உதிரிப் பொருள் கடைகளில் புழக்கத்திலுள்ள கார்களுக்கு இவை கிடைக்கும். வழக்கொழிந்த காராயின், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேட வேண்டி வரலாம்.

முதற்படி, கண்ணாடியை முழுமையாக மேலே ஏற்றிவிடுதல். இரண்டாம் படி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுதல். அந்தப் பேட்டரி திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் செய்ததாயினும் சரி, எங்கிருந்து வந்ததாயினும் சரி, இவ்விதிக்கு விலக்கில்லை. கழற்றிய பின்பு, காரின் கையேட்டில் கூறியுள்ள அளவு நேரம் காத்திருக்க வேண்டும். காற்றுப்பைச் சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கே இந்தக் காத்திருப்பு. சில கார்களில் முன்கதவின் உள்ளேயே மோதலை உணரும் கருவி ஒன்று இருக்கின்றது. பக்கவாட்டில் மோதல் நேரும்போது கதவின் உள்வெளியில் காற்றழுத்தம் திடீரென உயர்வதை அது உணர்ந்து, காற்றுப்பையை விரியச் செய்கின்றது. அத்தகைய கார்களில், நாம் அற்பமென்று நினைக்கும் அந்தத் தாள் நீரைக் காப்பதோடு அமையாமல், கதவின் உள்வெளியை மூடி வைக்கும் பணியையும் செய்கின்றது. இதுவும் அதனைச் சிதைக்கலாகாது என்பதற்கு ஒரு காரணம்.

மூன்றாம் படி, திருகாணிகளைத் தேடுதல். இவை கண்ணில் படாதவாறு மறைக்கப்பட்டிருக்கும். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடியின் குழிவில், ஒரு சிறு மூடியின் அடியில் ஒன்றிரண்டு. உட்கதவைத் திறக்கும் கைப்பிடியின் பின்னால் ஒன்று. அடியிலுள்ள பையின் உட்புறத்தில் ஒன்றிரண்டு. சில கார்களில் கதவின் ஓரத்தில் உள்ள சிவப்பு ஒளித்தகட்டின் பின்னாலும் ஒன்று. பலகை வர மறுத்தால் இன்னும் ஒரு திருகாணி எங்கோ இருக்கின்றது என்று பொருள். அப்பொழுது வலிமையைக் காட்டாமல் கண்ணைக் காட்டுங்கள்.

கழற்றிய திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் போடுவது பெரும்பாலோர் வழக்கம். அதனினும் நல்ல முறை ஒன்று உண்டு. ஓர் அட்டையில் கதவின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். குட்டைத் திருகாணி இருந்த இடத்தில் நெட்டைத் திருகாணியை ஏற்றினால், அது உள்ளே சென்று மின்கம்பியைத் துளைக்கக்கூடும். இறங்கிவரும் கண்ணாடியையும் இடிக்கக்கூடும்.

கையால் சுழற்றி ஏற்றும் கண்ணாடியாயின், அந்தக் கைப்பிடியைக் கழற்றுவது ஒரு புதிர் போலத் தோன்றும். அதில் திருகாணி ஏதும் வெளியே தெரியாது. 1983-இல் வெளிவந்து நாடெங்கும் பரவிய மாருதி 800 போன்ற கார்களில், கைப்பிடியின் பின்புறத்தில் குதிரைலாட வடிவான ஒரு கம்பி கிளிப் அதனைப் பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையே ஒரு நீளத் துணியைச் செருகி, இரு முனைகளையும் பிடித்து, செருப்புக்கு மெருகிடுவது போல இங்குமங்கும் இழுத்தால், துணி அந்தக் கம்பியின் முனையில் மாட்டி அதனை வெளியே தள்ளிவிடும். கம்பி துள்ளிப் பறக்கும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றுமுன் கைப்பிடி எந்தத் திசையை நோக்கி நின்றது என்பதைக் குறித்துக்கொள்வதும் நல்லது.

நான்காம் படி, கிளிப்புகளை விடுவித்தல். பக்கக் கண்ணாடி பொருத்தியுள்ள முன்மூலையில் ஒரு முக்கோண மூடி இருக்கும். முதலில் அதனை மெல்ல இழுத்து எடுத்துவிட வேண்டும். பின்பு பலகையின் அடிமூலையிலிருந்து தொடங்குங்கள். நெம்புகோலைப் பலகைக்கும் தகட்டுக்கும் இடையே செருகி, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நெம்பினால் பலகை விரியும். ஒவ்வொரு கிளிப்பும் ‘டப்’ என்ற ஓசையோடு விடுபடும். முதன்முறை கேட்பவருக்கு ஏதோ உடைந்துவிட்டது போல நெஞ்சு திடுக்கிடும்; அஞ்ச வேண்டியதில்லை. அடிப்பக்கமும் இரு விலாப்பக்கங்களும் விடுபட்டபின், பலகையை நேர் மேலே தூக்கினால், கண்ணாடியின் ஓரத்தில் மாட்டியிருக்கும் மேல்விளிம்பு விடுபடும்.

இங்கே அவசரம் கூடாது. பலகை இன்னும் முற்றிலும் நம் கைக்கு வரவில்லை. கண்ணாடி ஏற்றும் விசைகளுக்குச் செல்லும் கம்பிகளும், உட்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குச் செல்லும் கேபிளும் அதனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். பலகையை ஒருவர் தாங்கிக்கொள்ள, மற்றவர் பின்னால் கைவிட்டு, இணைப்புகளின் சிறு நாக்கை அழுத்தி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் எது எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை.

பலகை வந்தாயிற்று. இப்பொழுது நம் எதிரே நிற்பதுதான் அந்தத் தாள்.

இது கரிய, பிசுபிசுப்பான பியூட்டைல் பசையால் சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கும். பிடித்து இழுத்தால் தாள் கிழியும். ஆகவே ஒரு மெல்லிய கத்தியால் தாளுக்கும் தகட்டுக்கும் இடையே பசையை மட்டும் அறுத்துக்கொண்டே, ஓர் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக விலக்குங்கள். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விலக்கினால் போதும். விலக்கிய பகுதியை மேலே மடித்து ஒட்டி வையுங்கள். பசையில் விரல் படாமலும் புழுதி படியாமலும் பார்த்துக்கொண்டால், அதே பசை திரும்பவும் பிடித்துக்கொள்ளும். தாளின் அடிவிளிம்பைக் கூர்ந்து நோக்குங்கள். பல கார்களில் அது வெளியே தொங்காமல், உட்தகட்டில் உள்ள ஒரு பிளவின் வழியே கதவின் உள்ளே செருகப்பட்டிருக்கும். கூரை வேய்பவர் மேலோலையைக் கீழோலையின் மேல் படியுமாறு வேய்வது எதற்காகவோ, அதற்காகவே இதுவும். தாளின் மேல் வழியும் நீர் கதவுக்குள்ளேயே திரும்பி விழ வேண்டும், காருக்குள் விழலாகாது.

உள்ளே நீங்கள் செய்யப்போவது என்ன வேலையோ, அது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஒருவருக்குக் கண்ணாடி சிக்கியிருக்கும், மற்றொருவருக்குப் பூட்டு. ரெகுலேட்டரைக் கழற்ற நேர்ந்தால், அதற்கு முன் கண்ணாடியை மேலேயே நிறுத்தி, சட்டத்தின் மேலாக இரு பக்கமும் வலுவான ஒட்டுப்பட்டையால் பிணைத்துவிட வேண்டும். இல்லையேல் அது கில்லட்டின் போல இறங்கிக் கையைப் பதம் பார்க்கும். எந்த வேலைக்காகத் திறந்தாலும், மூடுமுன் கதவின் அடித்துளைகளைப் பார்த்துவிடுங்கள். இப்பகுதிச் செம்மண் புழுதியும் புளிய இலையும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். ஒரு வேப்பங்குச்சியால் மெல்லக் குத்தி வழியை விடுவிக்கலாம்; இரும்புக் கம்பி வேண்டாம். கதவை ஆட்டும்போது உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்குமானால், கலிங்கல் அடைபட்டிருக்கின்றது என்பதற்கு அதுவே சான்று.

இனித் திரும்பப் பொருத்துவது.

தாள் நல்ல நிலையில் இருந்தால், பசை உள்ள ஓரம் முழுவதையும் துணி சுற்றிய விரலால் அழுத்தி ஒட்டுங்கள். அடிவிளிம்பை மறவாமல் பிளவுக்குள் செருகுங்கள். தாள் கிழிந்திருந்தால், அதனையே அளவாக வைத்துத் தடித்த பாலிதீனில் புதியது வெட்டி, பியூட்டைல் நாடா வாங்கி ஒட்டலாம். நானும் அப்படித்தான் செய்தேன். பெட்டிகளை ஒட்டும் பழுப்பு நாடா 40 பாகையைக் கடக்கும் நம் கோடையில் ஒரு திங்கள்கூட நில்லாது. வினிகர் மணம் வீசும் சிலிக்கோன் பசையும் வேண்டாம். அதிலிருந்து வெளிப்படும் அமிலம், வண்ணம் போன தகட்டை அரிக்கும்.

பின்பு உடைந்த கிளிப்புகளை மாற்றுங்கள். கம்பி இணைப்புகளையும் கேபிளையும் அவ்வவற்றின் இடத்தில் மாட்டுங்கள். கேபிளின் முனையிலுள்ள குமிழ் கைப்பிடியின் குழியில் அமர வேண்டும்; அதன் மேலுறையும் தன் பூட்டில் அழுந்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உட்கைப்பிடி வெறுங்கைப்பிடியே.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். கதவைச் சாத்திப் பார்க்க வேண்டாம். கதவு திறந்திருக்கும்போதே, கதவின் ஓரத்தில் உள்ள பூட்டின் தாடையைத் திருப்புளியால் தள்ளி, அது மூடிக்கொள்ளுமாறு செய்யுங்கள். பிறகு உட்கைப்பிடியை இழுங்கள். தாடை விடுபட வேண்டும். மீண்டும் மூடி, வெளிக்கைப்பிடியை இழுங்கள். அப்பொழுதும் விடுபட வேண்டும். இரண்டும் சரியானால்தான் கதவைச் சாத்தலாம். இச்சோதனையைச் செய்யாமல் சாத்திய கதவு, உள்ளிருந்தும் திறக்காமல் வெளியிலிருந்தும் திறக்காமல் நின்றுவிட்டால், பலகையைக் கழற்றவும் வழியிராது. அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. முதியவரோ குழந்தையோ உள்ளே இருக்க, கைப்பிடி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் நிற்கும் மூடிய காரினுள் சில நிமிடங்களில் வெப்பம் தாங்கவொண்ணாத அளவுக்கு ஏறிவிடும். ஆகையால் இந்தச் சோதனையை எக்காரணத்தாலும் விட்டுவிட வேண்டாம்.

அதன்பின் பலகையின் மேல்விளிம்பை முதலில் கண்ணாடியின் ஓரத்தில் மாட்டி, கீழே இறக்கி, ஒவ்வொரு கிளிப்பும் தன் துளைக்கு நேரே இருப்பதைப் பார்த்து, உள்ளங்கையால் தட்டுங்கள். துளைக்கு நேராக இல்லாத கிளிப் தட்டத் தட்ட நசுங்குமேயன்றி ஏறாது. திருகாணிகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாவற்றையும் தளர்வாக ஏற்றிய பின்பே இறுக்குங்கள். சுழற்றும் கைப்பிடியாயின், கம்பி கிளிப்பை முதலில் கைப்பிடியில் மாட்டி, பிறகு தண்டின் மேல் வைத்து அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைசியாகப் பேட்டரியின் எதிர்முனையை மாட்டுங்கள். தானே ஏறி இறங்கும் கண்ணாடியுள்ள கார்களில், அதற்கு எல்லையை மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கும். அந்த முறையும் கையேட்டில் இருக்கும்.

வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். ஒரு சிறு தேர்வு பாக்கி உள்ளது. கதவைச் சாத்தி, ஒரு வாளித் தண்ணீரைச் செம்பால் மொண்டு, கண்ணாடியின் மேலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். கதவின் அடித்துளைகளிலிருந்து நீர் சொட்டுகின்றதா என்று குனிந்து பாருங்கள், சொட்ட வேண்டும். பிறகு கதவைத் திறந்து, பலகையின் அடிவிளிம்பையும் வாயிற்படியின் உட்பக்கத்தையும் ஒரு வெள்ளைத் தாளால் ஒற்றுங்கள், தாள் நனையலாகாது. இவ்விரண்டும் சரியாயின், உங்கள் சிற்றேரிக்குக் கலிங்கலும் உண்டு, கரையும் உண்டு.

அந்தத் தேர்வில் என் கார் தேறிய பின்பு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் சென்று, திருமலைக்கும் ஏறினேன். அலிபிரிச் சோதனைச் சாவடியில் காவலர்கள் பார்வையிடுவதற்காகக் காரை விட்டு இறங்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த என் தாயார், யார் உதவியும் இன்றி, உட்கைப்பிடியை இழுத்துத் தாமே இறங்கினார். அவருக்கு அது ஒரு செய்தியே அன்று. எனக்கோ அது பெரிய செய்தி. 1974-இல் அமைந்த பாதையில் ஏறும்போதும், 1944-இல் அமைந்த பழைய பாதையில் இறங்கும்போதும், ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அந்தக் கதவின் மேல் காதை வைத்திருந்தேன். தளர்ந்த கிளிப் இருந்தால் வளைவுகளில் கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும். கதவு வாய் திறக்கவில்லை.

இப்பொழுதெல்லாம் கார்கள் நமக்கு அயலூர்ப் பொருள்கள் அல்ல. 2016 முதல் ஸ்ரீசிட்டியிலேயே ஒரு ஜப்பானிய நிறுவனம் வண்டிகளைச் செய்து அனுப்பிக்கொண்டிருக்கின்றது. அவ்விடம் இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கதவுகளைப் பொருத்தும் தொழிலைக் கற்றிருக்கின்றார்கள். அவர்கள் பொருத்திய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கின்றது. நமக்கு அக்காரணம் தெரியவில்லை என்பதனால் அப்பொருள் வீண் என்று ஆகிவிடாது. கதவைத் திறந்து பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். அதனோடு, பயன் தெரியாத ஒரு பொருளைக் கண்டால், அது எதற்கு என்று தெரிந்துகொள்ளும்வரை எறியாமல் வைத்திருக்கும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால், 2021-ஆம் ஆண்டு மழையில் என் காரின் கம்பளம் உலர்ந்தே இருந்திருக்கும்.

அடுத்த மழைக்காலம் வருமுன், உங்கள் காரின் கதவை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர் தளும்புகின்றதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.